வெள்ளிக்கிழமைப் படகு

போர்த்கெல்லா,
மே 2

அன்புள்ள ஜோரி அண்ணா,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் மூட்டுவலி மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்குகிறது. நான் முக்கால் சுகம். மீதிக் கால் ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் தீவில் போன் எடுக்காது என்று தெரிந்தும் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. இளைஞர் நலப் பணியாளர் பயிற்சி, மூன்று வருடம். வாரத்தில் நாலு நாள் ஊரிலேயே சம்பளத்தோடு வேலை, ஒரு நாள் ரயிலேறிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பு. முடிவில் பட்டமும் உண்டு. "ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளை நம்மிடம் வரச் சொல்லும் வேலை இல்லை இது. அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். மாலையானால் நானும் கிளெம்மும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். கிளெம் என் மேலாளர், ஐம்பத்தெட்டு வயது, முன்பு மீன் விற்றவர். பேருந்து நிறுத்தம், வறுவல் கடை வாசல், விளையாட்டுத் திடல் என்று ஒரு சுற்று. அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் துறைமுகத்தின் மேற்குச் சுவர் வரும். அங்கே போனால் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நிற்கிறேன்.

இன்னும் அங்கிருந்து குதிக்கிறார்கள், அண்ணா. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகூடக் குதிக்கிறது. "தடுக்கக் கூடாதா?" என்று கிளெம்மைக் கேட்டேன். "தடுத்தா கல்குவாரிக்குப் போவாங்க பொண்ணே. அங்க விழுந்தா தூக்க நாதி இல்ல. இங்கன்னா நம்ம கண்ணு முன்னாடியாவது குதிப்பாங்க. அதட்டாத. கூட நில்லு, பேச்சுக் குடு" என்றார்.

டாம்சின் என்று ஒருத்தி, பல்லில் கம்பி, கூட்டத்துக்கே தலைவி. முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புது ஆளாக்கா? மூஞ்சியப் பாத்தா எங்களுக்கு முன்னாடி நீங்கதான் விழுவீங்க போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் கண்ணெதிரே ஒரு பிள்ளை செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேறு எந்தப் பயமும் இல்லை, இது ஒன்றுதான்.

நீ அந்தச் சுவரிலேயே வளர்ந்தவன். தண்ணீருக்கு அடியில் எங்கே என்ன கிடக்கிறது, எப்போது குதிக்கக் கூடாது என்று எழுது.

அன்புடன் உன் தங்கை
கெரன்சா

*

தீவு,
மே 16

அன்புள்ள கெரன்சா,

உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. இங்கே சளி பிடிக்கவும் ஆள் வேண்டுமே, நானும் சமையற்காரரும் பறவைகளும்தான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை படகு வரும், அதுவும் கடல் மனசு வைத்தால். படகுக்காரர் டொனால்ட் என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அவர் குவளையைக் கவிழ்ப்பதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

இந்த வாரம் நான் எண்ணிய பஃபின் பறவைப் பொந்துகள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. குனிந்து குனிந்து எண்ணி இடுப்பு போயிற்று. சமையற்காரர் மூன்று நாளாக ஒரே பருப்புச் சூப்பைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றிப் போடுகிறார்.

வேலை கிடைத்தது சந்தோஷம். ஆனால் கழுதைக்கு ஊரில் வேறு இடமே அகப்படவில்லையா? அந்தச் சுவர்ப் பக்கம் போகாதே. நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை படி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜோரி

*

போர்த்கெல்லா,
மே 30

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம், நாய் நலம், நான் பஃபின்களைக் கேட்டதாகச் சொல். எட்டுப் பக்கத்துக்கு நான் எழுதிக் கேட்டது ஒரே கேள்வி. நீ பருப்புச் சூப்பைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாய்.

எங்கே போவது என்பதை நான் முடிவு செய்வதில்லை, பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். பல்கலைக்கழகத்திலும் இதையேதான் சொல்லித் தருகிறார்கள்: அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கு. அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டால் எனக்கு மயக்கம் வருகிறது. "ஏணியில ஏழாவது படி முங்கணும்க்கா. ஏழு முங்கினா குதிப்போம், இல்லாட்டி கால் நனைச்சிட்டுப் போயிருவோம்" என்கிறான் பாஸ்கோ. அவன்தான் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நிதானம். துருப்பிடித்த ஒரு ஏணியை நம்பி ஏழு உயிர்! போன வாரம் ஒருத்தன் முழங்கால் தோல் உரிந்து ஏறி வந்தான். நான் பஞ்சை எடுப்பதற்குள் மறுபடி குதித்துவிட்டான்.

இன்னொன்று. பேக்கரியில் கிட்டோவின் அம்மாவைப் பார்த்தேன். "ஜோரி எப்படிம்மா இருக்கான்? ஊருக்கே வரமாட்டேங்கிறானே" என்று கேட்டுவிட்டு, காசு வாங்காமல் இறைச்சி அடைத்த ஒரு பேஸ்டி கொடுத்தார். கிட்டோ அந்தச் சுவரிலிருந்து குதித்துச் செத்தபோது எனக்கு எட்டு வயசு. அவன் குடித்துவிட்டுக் குதித்தான் என்றுதான் ஊரில் பேச்சு. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை. நீ அன்றைக்கு அங்கே இருந்தாய், இல்லையா? அவனுக்கு நடந்தது என் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது. தெரிந்ததைச் சொல் அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கெரன்சா

*

தீவு,
ஜூன் 13

கெரன்சா,

சுகம்தான். மூன்றாவது ஏணிக்கு இடது பக்கம், சுவரிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில், பழைய பாரந்தூக்கியின் கல் மேடை கிடக்கிறது. அந்தப் பக்கம் யாரையும் விடாதே. வலது பக்கமும் தண்ணீர் நிரம்பினால்தான் உண்டு.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே. டொனால்ட் எழுந்துவிட்டார்.

ஜோரி

*

போர்த்கெல்லா,
ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

உனக்கு நூறு ஆயுசு. உன் கடிதத்தைப் பல முறை படித்தேன், பிள்ளைகளிடமும் சொன்னேன். டாம்சின் வாயைப் பிளந்து, "கல் மேடையா? இத்தன நாளு அது மேலயா தாவிட்டிருந்தோம்?" என்றாள். ஒரே நாளில் எல்லோரும் வலது பக்கம் மாறிவிட்டார்கள். முதல் தடவையாக என் பேச்சுக்கு ஒரு மரியாதை!

அந்தத் தெம்பில் ஒரு காரியம் செய்தேன். படகுச் சாமான் கடையில் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் போட்ட கடலேற்றக் கையேடு விற்கிறதே, அதை வாங்கி ஜூன் மிச்சத்துக்கும் ஜூலை முழுக்கவும் மாலை ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தைக் குறித்தேன். உச்சத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் குதிக்கலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கார்டு செய்தேன். டாம்சின் வண்ணம் அடித்தாள். நூலகத்தில் லேமினேட் போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன். உனக்கும் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். கிளெம்மிடம் காட்ட முடியவில்லை, குடலிறக்க ஆபரேஷனுக்காக மூன்று வாரம் விடுப்பு. திரும்பி வந்து அசந்துபோகட்டும்.

"இப்பல்லாம் ஏணியப் பாக்கறதே இல்லக்கா. கார்டுதான்" என்றான் பாஸ்கோ. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பயம் போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு டாம்சினுக்குப் பதினாலு முடிகிறது. கார்டில் பார், அன்றைக்கு நாலு ஐந்திலிருந்து ஐந்து ஐந்து வரை. எல்லோரும் சேர்ந்து குதிக்கப் போகிறார்கள். நானும் கேக்கோடு நிற்பேன்.

உன் கெட்டிக்காரத் தங்கை
கெரன்சா

*

தீவு,
ஜூலை 8

கெரன்சா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும், அது போதும்.

கார்டைப் பார்த்தவுடன் ரேடியோவுக்கு ஓடினேன். கடலோரக் காவல் நிலையம் வழியாக உங்கள் அலுவலகத்துக்குச் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் கையேட்டில் இருப்பது குளிர்காலக் கடிகாரம். கோடையில் நாம் முள்ளை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கிறோம். கையேடு தள்ளுவதில்லை. ஒவ்வொரு நேரத்தோடும் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பின்னட்டையில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். உன் கார்டில் எல்லா நாளும் ஒரு மணி நேரம் முன்னாலேயே தொடங்குகிறது. அந்த நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் குறைவு. எல்லாக் கார்டையும் திரும்ப வாங்கிவிடு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நானும் அதே கையேட்டைப் பார்த்துத்தான் கிட்டோவுக்கு நேரம் சொன்னேன். "டேய், இன்னும் படி தெரியுதுடா" என்றான். "நீ புத்தகத்த விடப் பெரிய ஆளா? குதிடா" என்றேன். அவன் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. அவன் அம்மா இன்றுவரை பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எண்ணுவதற்குப் பறவைகள் உள்ள இடமாகப் பார்த்து ஓடி வந்துவிட்டேன்.

இதை நீ மே மாதமே கேட்டாய். நான் சூப்பைப் பற்றி எழுதினேன்.

ஜோரி

*

போர்த்கெல்லா,
ஜூலை 9

அண்ணா,

அம்மா நலம். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்தபடியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் சுவருக்கு வந்துவிட்டார்கள். கிளெம்முக்குப் பதிலாக வந்தவளும் என்னோடு நின்றாள். டாம்சின் பளபளவென்று பிறந்தநாள் பட்டை போட்டிருந்தாள். பாஸ்கோ ஏணியை எட்டிப் பார்த்து, "ஏழுல இன்னும் ரெண்டு படி தெரியுதே, இருடி" என்றான். டாம்சின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, கார்டு என்ன சொல்லுது?" நான் கார்டைப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏணியைப் பார்க்கவில்லை. "நாலு பத்து. சரியான நேரம்தான்" என்றேன்.

அவள் விழுந்தபோது தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. பாஸ்கோவும் இன்னொருவனும் இறங்கி அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள். "கால் எங்கக்கா? என் கால் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போயிற்று. இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டது, முதுகெலும்பில் விரிசல். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து உன் செய்தியைப் படித்தார். ஒரு மணி கூட்டவும் என்று இருந்தது. நான் அலுவலகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு நாள் அண்ணா. என் கடிதம் உனக்கு ஒரு நாள் முன்னால் கிடைத்திருந்தால் அவள் நடந்துகொண்டிருப்பாள். ஆனாலும் மற்ற பிள்ளைகள் தப்பினார்கள். செவ்வாய்க்கிழமை நாலு பேர் அதே கார்டோடு போவதாக இருந்தார்கள். அதற்கு உனக்குக் கும்பிடு.

இப்போது சம்பவ அறிக்கை எழுத வேண்டும். எந்தத் தேதியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று வரிசையாகப் போட வேண்டும். கார்டில் தப்பு இருப்பது உனக்கு எப்போது தெரிந்தது என்று தேதி எழுதி அனுப்பு.

கெரன்சா

*

போர்த்கெல்லா,
ஜூலை 25

அண்ணா,

நலமா? இங்கே ஒரு நல்ல செய்தி. நேற்று டாம்சினின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தி வார்டையே கூட்டிவிட்டாளாம். நடப்பாளா என்பது தெரிய இன்னும் மாதக்கணக்காகும்.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்தது. கிட்டோ பற்றிப் படித்து அழுதேன். உன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் தேதி மட்டும் அதில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, என் கேள்விக்குப் பதில் இல்லை.

கிளெம் திரும்பிவிட்டார். விசாரணையில் எதையும் மறைக்காமல் சொன்னேன்: கார்டு நான் போட்டது, யாரிடமும் காட்டவில்லை, குதி என்று சொன்னதும் நான்தான். வெளியே வந்து கிளெம் சொன்னார், "அவங்களுக்கு ஏணி தெரிஞ்சிருந்துச்சு பொண்ணே. நீ அதப் பிடுங்கிட்டுக் காகிதத்தக் குடுத்துட்ட. இத நீ சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது. ஆனா வேலைய விட்டு ஓடவும் கூடாது." இரண்டுக்கும் தலையாட்டினேன்.

அறிக்கையில் ஒரு கட்டம் மட்டும் காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. படகு வெள்ளிக்கிழமைதான் வரும் என்று நீதானே எழுதினாய். ரேடியோச் செய்தி வந்தது திங்கட்கிழமை. கணக்குப் போடவே பயமாக இருக்கிறது, அதனால் போடவில்லை. நீயே சொல்.

கெரன்சா

*

தீவு,
ஆகஸ்ட் 1

அன்புள்ள கெரன்சா,

நலம் விசாரித்தாய். சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

ஜூலை நாலு, வெள்ளிக்கிழமை.

உன் கடிதத்தை டொனால்ட்தான் கையில் கொடுத்தார். அவர் எதிரே இருந்தபடியே பிரித்தேன். கார்டைப் பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. "என்னப்பா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? வீட்டுல ஏதாச்சுமா?" என்று கேட்டார். கரைக்குப் போனதும் இந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல, வயித்து வலி" என்றேன். அவர் தேநீரை முடித்துவிட்டுப் போனார். படகு கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரேடியோ இருந்தது. அதில் பேசினால் நாலு தீவுக்காரர்களும் கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள், அங்கிருந்து அது கிட்டோவில் போய் நிற்கும். கிளெம் பார்த்துத் திருத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் விடுப்பில் இருப்பதாக நீ எழுதியிருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் ஏணியைப் பார்ப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு நாலு மணிக்கு ரேடியோவின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை. திங்கட்கிழமைதான் எடுத்துப் பேசினேன். நான் கோழை, கெரன்சா. பதினாறு வயசிலும் கோழை, முப்பதிலும் கோழை.

எட்டாம் தேதிக் கடிதத்தில் கிட்டோவைப் பற்றிச் சொன்னதும் இதை மறைக்கத்தான். பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டால் புதியதை நீ தேடமாட்டாய் என்று நினைத்தேன்.

கடிதத்தை ஏழாம் தேதிதான் பிரித்தேன் என்று எழுதி அனுப்பினால் உன்னால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு முறை அப்படியும் எழுதிக் கிழித்தேன். அறிக்கையில் நாலு என்றே போடு. என் பெயரையும் போடு.

ஜோரி

*

போர்த்கெல்லா,
ஆகஸ்ட் 12

அண்ணா,

அம்மா நலம். உன்னைப் பற்றி அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நான் நலமா என்று கேட்காதே.

நாலு என்றே எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு முழு மாலை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு என்று போட என் கையும் போனது, உன்னிடம் மறைக்கமாட்டேன். அப்புறம் நாலு என்று போட்டு, உன் பெயரைப் போட்டு, உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். என்னைப் பயிற்சியிலிருந்து நீக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கிளெம் பக்கத்தில் இல்லாமல் நான் எதையும் செய்யக் கூடாது.

அறிக்கையைப் பாதிக்கப்பட்டவருக்குப் படித்துக் காட்டுவது எங்கள் விதி. நானும் கிளெம்மும் மருத்துவமனைக்குப் போனோம். டாம்சின் சக்கர நாற்காலியில் இருந்தாள், அவள் அம்மா பக்கத்தில். என் பங்கை டாம்சினுக்குப் படித்தேன். நாலாம் தேதி வந்ததும், "திரும்பப் படிங்க" என்றாள். படித்தேன்.

"அவரு உங்க சொந்த அண்ணனா?"

"ஆமா."

"எனக்கு ஞாயித்துக்கிழம பிறந்தநாள்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் எழுதியிருந்தேன்."

தன் காலைப் பார்த்தாள். "அந்த மூணு நாளும் என்ன செஞ்சிட்டிருந்தாருன்னு கேக்கணும்க்கா. உங்ககிட்ட இல்ல. நீங்க சொன்னா நல்லபடியா சொல்லுவீங்க. அவரே சொல்லட்டும்" என்றாள். அவள் அம்மா, "வேண்டாம்டி" என்றாள். "எனக்கு வேணும்" என்றாள் இவள்.

நீ சொல்வாய் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நம் கையில் இல்லாததைப் பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்யக் கூடாது என்பதை இங்கே முதல் வாரமே கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உன்னை வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. கிட்டோவின் அம்மாவிடம் நான் போகமாட்டேன், அது நீ போக வேண்டிய வீடு.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே. டாம்சினுக்கு எழுது. எங்கள் அலுவலக முகவரிக்கு அவள் பெயர் போட்டு அனுப்பினால், அவள் அம்மா சம்மதித்திருக்கிறாள், நான் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொரு வாரமும் அவளைப் பார்க்கப் போகிறேன். நேற்று உள்ளே நுழைந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கடிதம் இருக்கிறதா என்று என் கையைத்தான் பார்த்தாள்.

கெரன்சா